எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு குளம்

1

மானிப்பாயில் இருக்கும் என் தங்கை போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அக்கா, நீங்கள் காலில நிக்கிற வீட்டிலயாம் இருக்கிறியள். உண்மையோ? வெள்ளம் வாற இடமோ?"

இந்த மாதத்தோடு நாங்கள் கடல் தாண்டி வந்த இந்த நாட்டில், மெரிலேண்ட்ஸில், வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டு போய்விட்டது. ஊரில் இன்னும் நாலு பேர் இதையே கேட்கிறார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வீடு காலில்தான் நிற்கிறது. நம் ஊரில் அத்திவாரம் வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பி, மேலே சீமெந்து இழுத்தால் வீடு பூமியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். இங்கே முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னச் செங்கல் தூண்கள் கட்டுகிறார்கள். தூண்களுக்கு மேல் மரத் தீராந்திகள், அவற்றின் குறுக்கே இன்னும் சில, அவற்றின் மேல் பலகை. பலகைக்கு மேலே நாங்கள் நடக்கிறோம், சமைக்கிறோம், சண்டை பிடிக்கிறோம். பலகைக்குக் கீழே ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய அளவுக்கு வெறும் இருட்டு. சுற்றிவர ஒரு குட்டைச் சுவர் எழுப்பி அதை மறைத்துவிடுவார்கள். சேலை கால் மறைப்பதுபோல, தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளம் வரும் இடமா என்ற கேள்விக்குத்தான் நேராகப் பதில் எழுத முடியவில்லை. வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் ஊருக்கு வரவில்லை, எங்களுக்கு மட்டும் வந்தது.

2

என் கணவர் சோமசுந்தரத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நீர்ப்பாசன எஞ்சினியர். வன்னியில் பதினேழு வருடம் குளம் காத்தவர். எந்தக் குளக்கட்டு எந்த மாரியில் எந்த இடத்தில் கசியும் என்று கட்டின்மேல் நடந்தபடியே சொல்வார், சொன்ன இடத்தில் கசியும்.

எழுபத்து நாலில் இங்கே வந்தபோது, அவருடைய பட்டத்தை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் சபை கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. முதற் கடிதத்தில் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேட்டார்கள். அனுப்பினார். இரண்டாவது கடிதத்தில், மூலப் பிரதியை ஏன் தபாலில் அனுப்பினீர்கள், தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். மூன்றாவதில் உள்ளூர் அனுபவம் இல்லை என்றார்கள். உள்ளூர் அனுபவம் வேண்டுமென்றால் எஞ்சினியர் வேலை கிடைக்க வேண்டும். எஞ்சினியர் வேலை கிடைக்க உள்ளூர் அனுபவம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பரமட்டாவில் ஒரு கந்தோரில் படம் வரைகிறவராக இருந்தார். வேறு யாரோ கணக்குப் போட்ட வடிகாலை இவர் மையால் வரைய வேண்டும். கணக்குப் பிழையென்று தெரிந்தாலும் அப்படியே வரைய வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அன்றைய பிழைகள் எல்லாம் அவர் முகத்தில் இருக்கும்.

நானும் ஊரில் விஞ்ஞான ரீச்சர்தான். இங்கே செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில், போத்தில் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று திருகிப் பார்க்கிறேன். எனக்கு அதில் பெரிய துக்கம் இல்லை. மூடிகள் ஒருநாளும் கடிதம் போடுவதில்லை.

வீடு வாங்குமுன் கட்டடம் பார்க்கிற ஒருவர் வந்து அடியில் தவழ்ந்து பார்த்தார். வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "உங்கள் பியர் எல்லாம் நல்ல பியர்" என்றார்.

என் கணவர் நிமிர்ந்து நின்றார். "இந்தக் குடும்பத்தில் ஒருவரும் பியர் தொடுவதில்லை" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

வந்தவர் இவரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். வீட்டைத் தாங்கும் செங்கல் தூணின் ஆங்கிலப் பெயருக்கும் குடிக்கிற பியருக்கும் எங்கள் காதில் ஒரே சத்தம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் விளங்கியது. அதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கெவின், புதிதாக வந்தவர்கள் மதுவிலக்குக் கூட்டம் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கெவின் ரயிலில் கார்டு வேலை செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் கேட்காமல் யாருக்கும் புத்தி சொல்லமாட்டார்.

3

அந்தக் குட்டைச் சுவரில், நிலத்துக்குச் சற்று மேலே, ஓட்டை ஓட்டையாகச் சில செங்கற்கள் இருந்தன. வீட்டைச் சுற்றிப் பதினாலு. ஏதோ பழைய மோஸ்தர் என்று நினைத்தோம். முதலாவது குளிர்காலத்தில் பலகை இடுக்குகளால் காற்று வந்து பாதத்தைக் கடித்தது. இரண்டு சோடி காலுறை போட்டுச் சமாளித்தோம்.

அடுத்த வருடம் வெயில் ஏறத் தொடங்கியபோது, கெவின் வேலிக்கு மேலால் ஒரு செய்தி சொன்னார். பின்னால் உள்ள ஓடையில் கறுப்புப் பாம்பு ஒன்றைக் கண்டாராம். வயிறு சிவப்பாம். "ஒன்றும் செய்யாது. குளிர்ச்சியான இடம் பார்த்து எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் நேரே உள்ளே போனேன். "இஞ்சேருங்கோ, அந்த ஓட்டையளை இண்டைக்கே அடையுங்கோ."

"அது காத்துக்கு வைச்சதா இருக்குமப்பா."

"காத்துப் போற ஓட்டைக்குள்ளால பாம்பு போகாதோ? பிள்ளை அதுக்கு மேலதான் படுக்கிறாள்."

அவர் வாதாடவில்லை. வன்னியை விட்டு வந்தபிறகு சீமெந்து குழைக்கக் கிடைத்த முதல் வேலை அது. இரண்டு சனிக்கிழமை எடுத்தார். குளக்கட்டில் வெடிப்பு அடைக்கிற அதே கலவை, அதே பக்குவம். பதினாலையும் அடைத்து, மட்டம் பார்த்து, மேலே வெள்ளையும் பூசினார். கெவின் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கடைசி ஓட்டை மூடும் வரை பார்த்திருந்தார். பிறகு "ஷீ வில் பி ரைட்" என்று, எல்லாம் சரிவரும் என்பதற்கு இங்கே சொல்கிற வழக்கைச் சொல்லிவிட்டுப் போனார்.

தேத்தண்ணி குடிக்கும்போது என் கணவர் யோசனையோடு கேட்டார். "அவள் சரியாகிவிடுவாள் எண்டு சொல்லிப்போட்டுப் போறான். ஆரைச் சொல்லுறான்? உம்மையோ?"

அடைத்த சுவரோரம் வெயில் நன்றாக விழுகிறது என்று மண் கொட்டி உயர்த்தி, கீரையும் வெண்டியும் மிளகாயும் போட்டோம். காலையும் மாலையும் நான் தண்ணீர் விட்டேன். மண் காயவேயில்லை. ஊரில் துலாவில் இறைத்தும் நிற்காத ஈரம் இங்கே சும்மா நிற்கிறதே என்று பெருமையாகக்கூட எழுதியிருந்தேன். தங்கையிடம் அந்தக் கடிதம் இருந்தால் கிழித்துவிடட்டும்.

4

முதலில் உப்பு கட்டியானது. பிறகு அப்பளம் பொரித்து மேசைக்கு வருவதற்குள் துணி மாதிரித் தொங்கியது. அதற்குப் பிறகு அவருடைய கல்யாணச் சப்பாத்து. அலுமாரியின் அடியிலிருந்து எடுத்தபோது அதில் பச்சையாக மயிர் முளைத்திருந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, "நல்ல தோல், இன்னும் உயிர் இருக்கு" என்றார்.

வீடு முழுக்கக் கிளம்பிய கெட்ட மணத்துக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. என்னுடைய ஊறுகாய்ப் போத்தில்களாம். போத்தில்களை வெளிக் கொட்டிலுக்கு மாற்றினேன். மணம் வீட்டிலேயே இருந்தது. வரவேற்பறையில் நடந்தால் பலகை மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. ஊர்காவற்றுறைக்கு வள்ளத்தில் போவதுபோல் இருக்கும். "மரம் எண்டா கொஞ்சம் வளையத்தான் செய்யும்" என்றார். இந்த ஒரு வீட்டில்தான் அவருக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. அதில் பிழை இருக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

எங்கள் மகள் வாணிக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கிழமைக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அவளுடைய சிநேகிதி ஜூலி திடீரென்று வராமல் விட்டாள். ஏன் என்று பலமுறை கேட்டபின் பதில் வந்தது. எங்கள் வீட்டில் நனைந்த நாயின் மணம் வருகிறதாம்.

"நாங்கள் நாய் வளர்க்கிறேல்லையே," என்றேன்.

"தற்ஸ் தி பொயின்ற், அம்மா," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு ஈரத்தில் ஊதிப் போயிருந்ததால் சாத்த முடியவில்லை. மூன்று முறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்தாள்.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு இருமல் பிடித்து விடவேயில்லை. டொக்டர் மருந்து எழுதிவிட்டு, "வீட்டில் ஈரம் இருக்கிறதா?" என்று கேட்டார். வெளியே வரும்வரை என் கணவர் பொறுத்துக்கொண்டார். பஸ் தரிப்பில் நின்று, "தண்ணியைப் பற்றி எனக்கு ஒரு டொக்டர் சொல்லித் தரவேணுமோ?" என்றார். ஆனாலும் அன்றைக்கே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கி வந்தார். அது எரிய எரிய ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தாரையாக வழிந்தது. மண்ணெண்ணெய் எரிந்தால் நீராவியும் வரும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். அந்த வீட்டில் இரண்டு படித்தவர்கள் இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

சபையின் நாலாவது கடிதம் வந்தது. இந்த நாட்டில் ஏற்கப்பட்ட எஞ்சினியர் ஒருவர், இவரைத் தனக்குத் தெரியும் என்று எழுதித் தர வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், இராசநாயகம். வன்னியில் இவரோடு வேலை செய்துவிட்டு லண்டன் போய், அங்கிருந்து இங்கே வந்து நல்ல பதவியில் இருப்பவர். உடம்பும் பதவிக்கு ஏற்ற உடம்பு. ஆடிப்பிறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது வசதியாகப் போயிற்று. அவரையும் மனைவியையும் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் அழைத்தோம்.

தங்கை அனுப்பிய பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு, வறுத்த பயறு எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினேன். இரண்டு நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். வரவேற்பறையின் நடுவில் எங்களிடம் இருந்ததில் நல்ல கதிரையை, மெல்லிய கால்கள் உள்ள கதிரையை, இராசநாயகத்துக்காகப் போட்டார் என் கணவர்.

இராசநாயகம் கூழ்க் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"சோமு, கடிதம் ஒரு பிரச்சினையே இல்லை," என்றார். "உம்மைப்போல தண்ணியை விளங்கின ஆள் இந்த நாட்டில இருக்கோ எண்டே எனக்குச் சந்தேகம்."

அப்போது அவருக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. முறிகிற சத்தம் இல்லை. நனைந்த கடதாசிப் பெட்டியை மிதித்தால் வருகிற சத்தம். கதிரையின் நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகைக்குள் இறங்கின. இராசநாயகம் விழவில்லை. அமர்ந்த நிலையிலேயே, கோப்பையை மட்டமாகப் பிடித்தபடி, மெதுவாகக் கீழே போய், இருக்கை பலகையில் முட்டியதும் நின்றார். நிலத்தடியிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று கிளம்பி அறையை நிறைத்தது. அதுதான் அந்த நாய்.

இராசநாயகம் தன் முழங்கால்களுக்கு நடுவே பிளந்திருந்த பலகை வழியாகக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சோமு," என்றார், "உமக்குக் கீழ குளம் ஒண்டு கிடக்குது."

அவருடைய மனைவி கேட்டார். "கூழ் சிந்தினதோ?"

"இல்லை."

வாணி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, கண்ணில் நீர் வழியக் குசினிக்குள் ஓடிப்போனாள். என் கணவர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இராசநாயகத்தைக் கைகொடுத்துத் தூக்கினார். கதிரையை இழுத்தெடுத்தார். மேசையை நகர்த்தி ஓட்டையின் மேல் வைத்தார். பிறகு, "கொழுக்கட்டை எடுங்கோ" என்றார்.

6

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. குட்டைச் சுவரில் இருந்த சிறிய மரக் கதவைத் திறந்து அவர் அடியில் இறங்கினார். கெவின் ரயில் கார்டு வைத்திருக்கும் பெரிய டோர்ச்சைத் தந்தார். வரவேண்டாம் என்று என் கணவர் என்னிடம் சொன்னதால், அவருடைய பழைய காற்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு நானும் பின்னால் தவழ்ந்தேன்.

குளம் என்றால் குளம்தான். டோர்ச் வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்கியது. தூண்கள் கரையில் நிற்பதுபோல் நின்றன, அதில் இரண்டு சரிந்திருந்தன. தீராந்திகளில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு தீராந்தியில் குத்தினார். புட்டுக்குள் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

"கூரைப் பீலி உடைஞ்சு மழைத்தண்ணி முழுக்க உள்ளுக்க வருது," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சரி, வந்த தண்ணி ஏன் காயேல்லை?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. குளக்கட்டில் நின்று ஓவசியரிடம் கேட்கிற குரல்.

கேட்டுக்கொண்டே டோர்ச்சைச் சுவரில் ஓட்டினார். அடைத்த ஓட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தன. எல்லாம் நல்ல வேலை. ஒன்றில்கூட ஒரு கீறல் வெளிச்சம் இல்லை. என் கீரை மேடைக்குப் பின்னால் இருந்த சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது.

டோர்ச் வெளிச்சம் அந்த இடத்திலேயே நின்றது. நான் சொன்னேன். "பாம்பு எண்டு சொன்னது நான்தானே."

"நீர் பாம்பு எண்டு மட்டும்தான் சொன்னீர். சீமெந்து குழைச்சது நான்." சேற்றில் கையூன்றியபடி மூச்சு விட்டார். "பதினேழு வருசம் குளம் காத்தனான். தண்ணிக்குப் போக வழி விடாட்டி என்ன நடக்கும் எண்டு மற்றவைக்குச் சொல்லித் திரிஞ்சனான். பிழை விட்டிட்டன்."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. மற்றவர்கள் எல்லோரும் அவரில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, தானாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று சேற்றுக்குள் படுத்துக்கொண்டு அதைச் சொன்னபோது அவர் முகம் வன்னியில் இருந்த முகமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. முழங்கையில் ஏதோ ஊர்ந்ததால் அழ நேரம் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கெவினிடம், தான் ஓட்டைகளை அடைத்தபோது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார்.

கெவின் தலையைச் சொறிந்தார். "நீ எஞ்சினியர் என்று சொன்னாய். ஏதாவது திட்டம் வைத்திருப்பாய் என்று நினைத்தேன்."

நான்கு வருடத்தில் இந்த நாட்டுக்காரர்களில் அவரை எஞ்சினியர் என்று நம்பியவர் கெவின் ஒருவர்தான் என்பதை அப்போது இருவரும் கவனித்தோம்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறெல்லாம் வேலை. பதினாலு ஓட்டைகளையும் உடைத்துத் திறந்து, உள்ளே கம்பி வலை வைத்தார். பீலியை மாற்றினார். கீரை மேடையை வேலிக்குத் தள்ளினார். கெவினும் அவருமாகச் சரிந்த தூண்களைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு தச்சர் வந்து உக்கிப்போன தீராந்திகளை மாற்றினார். சுவரோரம் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார். அடியில் அளவுக் கோடு போட்ட தடி ஒன்றை நட்டு, சனிக்கிழமை தோறும் தவழ்ந்து போய் நீர்மட்டம் பார்த்து எழுதி வைத்தார். ஒரு சனிக்கிழமை வெளியே வந்து, "குளம் வத்திப்போச்சு" என்றார். குரலில் கொஞ்சம் கவலையும் இருந்தது. வாணியின் இருமல் அதற்கு முன்னமே நின்றிருந்தது. ஜூலி திரும்ப வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, அந்தப் பெரிய மனிதர் இறங்கிய இடத்தைக் காட்டச் சொன்னாள்.

7

இராசநாயகம் சொன்னபடி கடிதம் கொடுத்தார். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். "திரு சோமசுந்தரத்தின் தொழிலை மேலோட்டமாக அல்ல, நேரில் இறங்கிப் பார்த்திருக்கிறேன்."

சபை நேரில் வரச் சொன்னது. மூன்று பேர் இருந்தார்களாம். எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார்கள். உள்ளூர் அனுபவம் என்ன?

என் கணவர் கொண்டுபோன படத்தை மேசையில் விரித்தார். எங்கள் வீட்டின் அடிப்பகுதி. தூண், தீராந்தி, நீர்மட்டம், கிழமை கிழமையாக வற்றிய கணக்கு, காற்று உள்ளே வந்து வெளியே போகும் அம்புக்குறிகள். பதினாலு இடங்களில் சின்னச் சிவப்புக் கட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: வீட்டுக்காரரின் பிழையால் அடைபட்டவை.

"யார் இந்த வீட்டுக்காரர்?" என்று ஒருவர் கேட்டாராம்.

"நான்தான்," என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பேசினார்களாம். சான்றிதழைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடிந்ததும் நடுவில் இருந்த தலைவர் கதவு வரை கூட வந்திருக்கிறார். மற்ற இருவருக்கும் கேட்காத குரலில், தன் வீட்டுச் சாப்பாட்டறையில் ஒரு பட்டாணியைப் போட்டால் அது தானாகவே உருண்டு மூலைக்குப் போகிறது, அது ஏனாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"பார்த்தால்தான் சொல்லலாம் எண்டன், விலாசம் தந்தார். ஆனா முடிவு வருமட்டும் ஒருத்தற்ற வீட்டுக்குக் கீழயும் போகமாட்டன் எண்டும் சொல்லிப்போட்டன். முடிவு வரட்டும். அதுக்குப் பிறகு குனியிறன்."

ஐந்து கிழமை போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். என் கணவர் அதை வாசலில் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். பிறகு என் கையில் தந்தார். பெயருக்குப் பின்னால் எஞ்சினியர் என்று இருந்தது. நான் அதை வாசித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஆளைக் காணவில்லை.

அறைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கயப்பா வெளிக்கிட்டாச்சு?"

"தலைவற்ற வீட்டுக்கு."

"இண்டைக்கேயோ? வாற கிழமை போகலாமே."

"அவை என்னை நாலு வருசம் காக்க வைச்சவை," என்றார். "நான் அந்தாளை ஒரு நாளும் காக்க வைக்கேல்லை எண்டு இருக்கட்டும். போட்டு வாறன்."

ஜன்னலால் பார்த்தேன். ரயிலடிப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். கழுத்தில் கந்தோருக்குக் கட்டும் ரை. காலில் சேற்றுச் சப்பாத்து.